பழைய கணினிக்கு எஸ்எஸ்டி வாங்க முதல் பார்க்க வேண்டியவை

கொழும்பு அலுவலகங்களில் கழித்துவிட்ட டெல், எச்பி பெட்டி ஒன்றை வாங்கிப் பிள்ளைகளின் படிப்புக்கு வைத்திருக்கிறீர்களா? இல்லை, 2009 அளவில் வாங்கிய ஜி31 மதர்போட்டை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களா? இரண்டு பேருக்குமே இது உதவும். ஹாட் டிஸ்க்கைக் கழற்றி, சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க்கைப் போட்டால் மெஷின் வேகமாகும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது சரிதான். எதை வாங்குவது, எந்த வாயிலில் செருகுவது, எதற்குக் காசு கொடுக்கக்கூடாது என்பதைத்தான் யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை.

திருகோணமலைக் கடைகளில் இதைக் கேட்டு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரு கடையில் "சாட்டா 3 எடுங்கோ தம்பி, பறக்கும்" என்றார்கள். (சாட்டா என்பது டிஸ்க்கை மதர்போட்டோடு இணைக்கிற வாயில். சாட்டா 3 என்றால் அதன் மூன்றாம் தலைமுறை, 6 ஜிகாபிட்.) அடுத்த கடையில் "உங்கட மெஷினுக்கு எது போட்டாலும் ஒண்டுதான், புதுசு வாங்குங்கோ" என்றார்கள். இரண்டு பேச்சுமே பிழை. டிஸ்க்கிலிருந்து மெமரி வரைக்கும் தரவு போகிற பாதையில் எந்த இடம் ஆகக் குறைந்த வேகமோ, அதற்கு மேல் எதுவும் போகாது. ஆனால் பழைய மெஷின் இழுபடுவதற்கு அந்தப் பாதையின் அகலம் பெரும்பாலும் காரணமே இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிச் செலவு மிச்சம்.

1. மதர்போட்டின் பெயரைக் கண்டுபிடியுங்கள்

கடைக்குப் போக முதல் செய்ய வேண்டிய வேலை இது. சிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, மெயின்போட் என்ற பக்கத்தைத் திறந்தால் மொடல், சிப்செட் (மதர்போட்டின் பிரதான சிப்), சவுத்பிரிட்ஜ் (டிஸ்க் வாயில்களைக் கவனிக்கிற சிப்) மூன்றும் தெரியும். அந்தப் பக்கத்தை அப்படியே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வாயால் விளக்குவதைவிட அந்தப் படம் உதவும். மெஷின் எழும்பவே இல்லை என்றால் பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள், ஸ்லொட்டுகளுக்கு இடையில் மொடல் இலக்கம் அச்சடித்திருக்கும். டெல், எச்பி என்றால் பெட்டியில் ஒட்டியிருக்கும் மொடல் பெயரே போதும்.

இங்கே அடிக்கடி கண்ணில் படுகிற சிப்செட்டுகளும் டெல் மொடல்களும் இவை (ஏஎச்சிஐ என்பது டிஸ்க்கோடு பேசுகிற புதிய முறை, பழைய முறைக்குப் பெயர் ஐடிஈ):

- 945, ஜி31, ஜி41: பெரும்பாலும் ஐசிஎச்7 சவுத்பிரிட்ஜ். சாட்டா 3 ஜிகாபிட். ஏஎச்சிஐ கிடையாது.
- 865 காலத்துப் பென்டியம் 4: ஐசிஎச்5. சாட்டா 1.5 ஜிகாபிட்.
- ஒப்டிபிளெக்ஸ் 755, 780: 3 ஜிகாபிட், ஏஎச்சிஐ உண்டு.
- எச்61, அதாவது ஒப்டிபிளெக்ஸ் 390, 3010 போன்றவை: எல்லா வாயிலும் 3 ஜிகாபிட்தான். ஐ5 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பார்த்து 6 என்று நினைத்துவிடாதீர்கள்.
- எச்67, பி67: இரண்டு வாயில் மட்டும் 6 ஜிகாபிட், மற்றவை 3.
- பி75: ஒரே ஒரு வாயில் 6 ஜிகாபிட்.
- எச்81: நான்கில் இரண்டு 6 ஜிகாபிட்.

எச்67, பி67 மதர்போட்டைப் பழையதாக வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2011 ஜனவரியில் சந்தைக்கு வந்த முதல் தொகுதியில், 3 ஜிகாபிட் வாயில்கள் காலப்போக்கில் பழுதாகும் குறை இருந்தது. இன்டெல்லே அதை ஒத்துக்கொண்டு திருத்திய சிப்பை வெளியிட்டது. அந்தத் தொகுதி கையில் சிக்கினால் 6 ஜிகாபிட் வாயில்கள் இரண்டை மட்டும் பாவியுங்கள், அவற்றுக்கு அந்தக் குறை இல்லை.

2. எண்களை வாசிக்கும் முறை

சாட்டாவின் வேகத்தை ஜிகாபிட்டில் சொல்வார்கள். எம்பி கணக்குக்கு மாற்ற 8 ஆல் வகுக்காதீர்கள், 10 ஆல் வகுங்கள். கம்பியில் ஒவ்வொரு 8 பிட் தரவும் 10 பிட்டாகத்தான் போகிறது. ஆகவே 1.5 ஜிகாபிட் என்றால் செக்கனுக்கு 150 எம்பி, 3 என்றால் 300, 6 என்றால் 600. யூஎஸ்பி 3.0 இன் 5 ஜிகாபிட்டும் இதே கணக்கில் 500. இவையெல்லாம் உச்சவரம்பு. கையில் கிடைப்பது அதைவிட ஏறக்குறைய ஒரு பத்து வீதம் குறையும்.

மேலதிகக் காட் செருகுகிற பழைய பிசிஐ ஸ்லொட் 32 பிட், அதாவது 4 பைட், 33.3 மெகாஹேர்ட்ஸ், பெருக்கினால் செக்கனுக்கு 133 எம்பி. இது ஒரு ஸ்லொட்டுக்கான கணக்கல்ல, மெஷினில் உள்ள பிசிஐ ஸ்லொட்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். சாட்டா காட் ஒன்று, நெட்வேர்க் காட் ஒன்று என்று இரண்டையும் பிசிஐயில் செருகினால் இரண்டும் அந்த 133ஐப் பங்குபோடும். நடைமுறையில் 100ஐத் தொட்டாலே பெரிய விஷயம்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் அப்படியல்ல, ஒவ்வொரு ஸ்லொட்டுக்கும் தனிப் பாதை. முதல் தலைமுறையில் ஒரு லேனுக்கு (ஒற்றைத் தடத்துக்கு) 250 எம்பி, இரண்டாம் தலைமுறையில் 500.

மதர்போட் பெட்டியில் பெரிதாக எப்எஸ்பி 1333 என்று போட்டிருப்பார்கள். அது பிராசசருக்கும் சிப்செட்டுக்கும் இடையில் உள்ள பாதை, செக்கனுக்கு 10 ஜிபிக்கு மேல் கொண்டுபோகும். எப்எஸ்பி 800 என்றாலும் 6.4 ஜிபி. டிஸ்க் விஷயத்தில் அது ஒருநாளும் தடையாகாது. அந்த எண்ணைக் காட்டி மதர்போட்டை மாற்றச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வெளியே வாருங்கள்.

3. உங்கள் மெஷின் ஏன் இழுக்கிறது

நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுற்றும் ஹாட் டிஸ்க்கில், கேட்ட இடம் ஊசிக்குக் கீழே வர அரைச் சுற்று என்று வைத்தால் 4 மில்லிசெக்கனுக்குக் கொஞ்சம் கூட. ஊசி நகர்வதற்கு இன்னும் 8, 9. ஆக, ஒரு துண்டை எடுக்கப் 12, 13 மில்லிசெக்கன். அப்படிப் பார்த்தால் செக்கனுக்கு எண்பது துண்டு எடுப்பதே பெரிய காரியம். விண்டோஸ் எழும்பும்போது வாசிக்கிற கோப்புகள் பெரும்பாலும் சின்னச் சின்னத் துண்டுகள்தான். 4 கிலோபைட் துண்டுகளாக எடுத்தால் செக்கனுக்கு 1 எம்பியைக்கூட எட்டாது. 300 எம்பி போகக்கூடிய வாயில் அந்த நேரம் சும்மா கிடக்கிறது. பலசரக்குக் கடையில் பின் அறையிலிருந்து சாமானை ஒவ்வொன்றாக எடுத்துவருகிற பெடியன் ஆறுதலாக நடந்தால், அறை வாசலை அகலமாக்கி என்ன பயன்?

எஸ்எஸ்டியில் அந்தத் தேடல் நேரம் கிட்டத்தட்ட இல்லை. அதே சின்னத் துண்டு வாசிப்பில் சாதாரண எஸ்எஸ்டி 20 முதல் 30 எம்பி கொடுக்கும். அதற்கு 1.5 ஜிகாபிட் வாயிலே தாராளம். அதனால்தான் ஜி31இல் போட்டாலும் ஆளே மாறின மாதிரி இருக்கும். 3 ஜிகாபிட், 6 ஜிகாபிட் வித்தியாசம் தெரிவது பெரிய வீடியோக் கோப்புகளைக் கொப்பி பண்ணும்போது மட்டும்தான், அதுவும் மற்றப் பக்கத்திலும் எஸ்எஸ்டி இருந்தால்தான்.

ஆகவே மெஷின் 3 ஜிகாபிட் என்று தெரிந்து கவலைப்பட வேண்டாம். சாட்டா 6 ஜிகாபிட் எஸ்எஸ்டியை வாங்கிச் செருகுங்கள், அது தானாக 3க்கு இறங்கி ஓடும். இப்போது கடையில் கிடைக்கிற சாட்டா எஸ்எஸ்டி எல்லாமே 6தான், "3 ஜிகாபிட் எஸ்எஸ்டி" என்று தேடி அலைய வேண்டியதில்லை.

4. எந்த வாயில்?

எச்67, பி75, எச்81 வைத்திருப்பவர்கள் 6 ஜிகாபிட் வாயிலைத் தேடிச் செருகுங்கள். பெரும்பாலும் நிறம் வேறாக இருக்கும். நிறத்தை மட்டும் நம்பாமல் பக்கத்தில் அச்சடித்திருப்பதையும் மனுவலையும் பாருங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 2009, 2010 காலத்து பி55 போன்ற சில மதர்போட்டுகளில் மார்வெல் சிப் ஒன்றைத் தனியாக வைத்து "சாட்டா 6" என்று விளம்பரம் செய்தார்கள். அந்தச் சிப் சவுத்பிரிட்ஜுடன் ஒரே ஒரு லேனால் இணைக்கப்பட்டிருந்தால், அந்த லேன் 250 எம்பிக்கு மேல் விடாது. பக்கத்தில் இருக்கிற இன்டெல்லின் 3 ஜிகாபிட் வாயில் அதைவிட வேகம்! அப்படிப்பட்ட மதர்போட்டில் இன்டெல் வாயிலையே பாவியுங்கள்.

இதே காரணத்தால் ஜி31, ஜி41 வைத்திருப்பவர்கள் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லொட்டுக்கு "சாட்டா 6" காட் வாங்குவதும் வீண். சின்ன ஸ்லொட் முதல் தலைமுறை, ஒரு லேன். கணக்குப்படி 250, கையில் கிடைப்பது 200 அளவு. மதர்போட்டில் சும்மா கிடைக்கிற வாயில் 260, 270 கொடுக்கும். காசு கொடுத்து வேகத்தைக் குறைப்பதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. வாயில்கள் எல்லாம் நிரம்பிவிட்டன, இன்னொரு டிஸ்க் போட வேண்டும் என்றால் மட்டும் காட் வாங்கலாம்.

என்விஎம்ஈ, அதாவது சாட்டாவை விட்டு பிசிஐ எக்ஸ்பிரஸில் ஓடுகிற எஸ்எஸ்டி பற்றியும் கேட்பார்கள். அந்த வகை எம்.2 எஸ்எஸ்டியை அடப்டர் காட்டில் வைத்துப் பழைய மெஷினில் செருகினால் விண்டோஸ் 10 அதை டிஸ்க்காகக் காணும், ஆனால் பழைய பயோஸ் (விண்டோஸுக்கு முதல் ஓடி மெஷினை எழுப்புகிற மென்பொருள்) அதிலிருந்து எழும்பாது. 2014க்கு முந்தைய மதர்போட்டுக்கு அந்த யோசனையை விடுங்கள்.

லப்டொப்பில் டிவிடி இருக்கிற இடத்தில் கடி (caddy, டிஸ்க்கைத் தாங்குகிற சட்டம்) போட்டு இரண்டாவது டிஸ்க் வைக்கலாம். எஸ்எஸ்டியை எப்போதும் பிரதான இடத்தில் வைத்து, பழைய ஹாட் டிஸ்க்கைக் கடிக்கு மாற்றுங்கள். சில மொடல்களில் டிவிடி வாயில் 1.5 ஜிகாபிட்தான். கடி வாங்க முதல் டிவிடியைக் கழற்றித் தடிப்பை அளந்து பாருங்கள், 9.5 மில்லிமீற்றர், 12.7 மில்லிமீற்றர் என்று இரண்டு அளவில் வரும். மாறி வாங்கினால் ஒன்றில் நுழையாது, இல்லாவிட்டால் ஆடும்.

5. ஐடிஈ, வியா சிப் வைத்திருப்பவர்கள்

ஐடிஈ என்பது சாட்டாவுக்கு முந்தைய, பட்டி கேபிளால் டிஸ்க்கை இணைக்கிற முறையின் பெயரும்தான். சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மெஷின்களில் காசு போடுவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். பழைய கணக்கு மென்பொருள் ஒன்றுக்காக வைத்திருக்கத்தான் வேண்டும் என்றால் இவற்றைப் பாருங்கள்.

பட்டி கேபிளில் 40 கம்பி, 80 கம்பி என்று இரண்டு வகை. 40 கம்பி என்றால் செக்கனுக்கு 33 எம்பியோடு நிற்கும். மெல்லிய கம்பிகள் நெருக்கமாக ஓடி, ஒரு முனை நீல நிறமாக இருந்தால் அது 80 கம்பி. 66, 100, 133 எல்லாம் ஓடும். நீல முனை மதர்போட்டுக்கு. டிவிடியையும் டிஸ்க்கையும் ஒரே கேபிளில் போடாதீர்கள், ஒன்று வேலை செய்யும்போது மற்றது காத்திருக்கும்.

விண்டோஸ் எக்ஸ்பியில் திடீரென்று எல்லாமே நத்தை வேகமானால் டிவைஸ் மனேஜரில் பிரைமரி ஐடிஈ சனல் என்பதைத் திறந்து, எந்த மோட்டில் ஓடுகிறது என்று பாருங்கள். கேபிள் பிழை சில தடவை வந்ததும் எக்ஸ்பி தானாக மிக மெதுவான பிஐஓ மோட்டுக்கு இறங்கிவிடும். கேபிளை மாற்றி, அந்தச் சனலை அன்இன்ஸ்டால் செய்து மெஷினை மறுபடி எழுப்பினால் பழைய வேகம் திரும்பும். செலவு ஒரு கேபிள்.

வியா விடி8237 சிப் உள்ள மதர்போட்டில் சாட்டா வாயில் இருக்கும், ஆனால் 3 அல்லது 6 ஜிகாபிட் டிஸ்க்கோடு அது பேச்சுக்கு வராது. பழைய ஹாட் டிஸ்க்குகளில் பின்பக்கம் ஒரு ஜம்பர் (இரண்டு ஊசிகளை இணைக்கிற சின்ன மூடி) போட்டு 1.5க்கு இறக்கலாம். எஸ்எஸ்டியில் ஜம்பர் இல்லை. ஆகவே அங்கே எஸ்எஸ்டி வாங்கினால் பயோஸில் பெயரே வராமல் போகலாம்.

6. கேபிளும் உப்புக் காற்றும்

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலுக்குக் கிட்ட இருப்பவர்கள் இதை அவசரமாக வாசித்துத் தாண்ட வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றில் சாட்டா கேபிளின் முனைகளும் ரேம் விளிம்பும் மங்கிப்போகும். தங்க நிறம் போய்ப் பழுப்பாகத் தெரிந்தால் அதுதான். வாடைக் காற்றும் மழையுமாக இருக்கிற மாதங்களில் இது கூடும். டிஸ்க் இடையிடையே காணாமல் போவது, கொப்பி நடுவில் நின்று நின்று ஓடுவது எல்லாம் பல நேரம் இதனால்தான், டிஸ்க் பழுதாகி அல்ல.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் சி7 என்ற வரியைப் பாருங்கள், அது கேபிள் பிழைகளின் எண்ணிக்கை. அந்த எண் குறையாது, ஆனால் கேபிளை மாற்றிய பிறகும் ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது. நின்றுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ரேம், காட் விளிம்புகளை மின்சாரத்தைக் கழற்றிவிட்டு வெள்ளை அழிறப்பரால் மெதுவாக உரசித் துடையுங்கள். துகளை ஊதாதீர்கள், வாய் ஈரம் படும். பிரஷ்ஷால் தட்டுங்கள்.

பழைய பவர் சப்ளையில் சாட்டா மின்முனை போதாவிட்டால் மாற்று வயர் விற்பார்கள். முனை முழுவதும் ஒரே பிளாஸ்டிக்காக வார்த்த மலிவு வகை உள்ளே ஷோட்டாகி எரிந்த கதைகள் நிறைய. கம்பி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குத்திப் பிடித்திருப்பது தெரிகிற வகையைக் கேட்டு வாங்குங்கள்.

7. விண்டோஸ் போட முதல் பயோஸ்

ஒப்டிபிளெக்ஸ், எச்61 போன்றவற்றில் சாட்டா மோட் ஐடிஈயில் இருந்தால் அதை ஏஎச்சிஐக்கு மாற்றுங்கள். விண்டோஸை இன்ஸ்டால் செய்ய முதல் மாற்ற வேண்டும். பிறகு மாற்றினால் நீலத்திரை வரும். அப்படி வந்துவிட்டால் பயோஸில் பழையபடி ஐடிஈக்குப் போய், விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோட்டில் எழும்பும்படி அமைத்து, பிறகு ஏஎச்சிஐக்கு மாற்றி ஒரு தடவை எழுப்பினால் விண்டோஸ் 10 தானாகச் சரிசெய்துகொள்ளும்.

ஐசிஎச்7இல் அந்த மோட்டே இல்லை, தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஐடிஈ மோட்டிலேயே எஸ்எஸ்டி நன்றாக ஓடும்.

எக்ஸ்பி இன்ஸ்டால் செய்த டிஸ்க்கை அப்படியே குளோன் (முழுப் பிரதி) செய்ய வேண்டாம். எக்ஸ்பி தன் பார்ட்டிஷனை 63 ஆவது செக்டரில் தொடங்கும், எஸ்எஸ்டியின் 4 கிலோபைட் கட்டங்களோடு அது பொருந்தாது. எழுதுவது மந்தமாகும். விண்டோஸ் 7 அல்லது 10ஐ வெறும் எஸ்எஸ்டியில் புதிதாகப் போட்டால் இந்தப் பிரச்சினை வராது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11இன் அண்மைய பதிப்புகள் கோர் 2 பிராசசர் உள்ள மெஷின்களில் எழும்பவே எழும்பா. கோர் 2 வைத்திருந்து இணையமும் வேண்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸ் மின்ட் பற்றி யோசியுங்கள்.

8. கொப்பிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது

100 ஜிபிக்கு என்று கணக்குப் பார்ப்போம். யூஎஸ்பி 2.0 வாயிலில் வெளி டிஸ்க் என்றால் செக்கனுக்கு 30 எம்பி, ஆகவே ஏறக்குறைய 55 நிமிடம். யூஎஸ்பி 3.0 என்று எழுதிய பெட்டியைப் பழைய வாயிலில் செருகினாலும் இதுதான். பழைய டிஸ்க்கை உள்ளேயே சாட்டாவில் இணைத்தால் செக்கனுக்கு 80 என்று வைத்து 21 நிமிடம். வீட்டு ரூட்டர் வழியாக 100 மெகாபிட் கேபிளில் என்றால் இரண்டேகால் மணித்தியாலத்துக்கு மேல். இவை பெரிய கோப்புகளுக்கு. ஆயிரக்கணக்கான படங்கள், சின்னக் கோப்புகள் என்றால் இரட்டிப்பு நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போகிற அறிவித்தல் இருக்கிற நாளில் தொடங்காதீர்கள். யூபிஎஸ் இல்லாத வீட்டில் விடியப்புறம் நல்ல நேரம். கச்சான் காற்று வீசுகிற மாதங்களின் மத்தியான வெக்கையில் பழைய டிஸ்க்கை மணிக்கணக்காக ஓட்டுவதும் நல்லதல்ல.

9. செலவு, பில், வொரண்டி

டொலர் ஏறி இறங்குகிறபடியால் விலை எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். எனவே அளவுகோல் மட்டும் சொல்கிறேன். 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றுதான் உங்கள் பெரிய செலவாக இருக்க வேண்டும். காட், கடி, அடப்டர், கூலி என்று சேர்ந்து அதன் விலையில் பாதியைத் தாண்டினால் நிறுத்தி, அதே காசை ஒரு எச்81 பெட்டிக்குச் சேருங்கள். ரேம் 4 ஜிபிக்குக் குறைவு என்றால் முதலில் ரேமுக்கே செலவழியுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் எஸ்எஸ்டியையே ரேமாகப் பாவித்துத் தேய்க்கும்.

கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் விலை குறைவு என்று சொல்வார்கள். குறைவுதான், ஆனால் வொரண்டிக்கு அனுப்பித் திருப்பி எடுக்கிற கூரியர்ச் செலவையும் கூட்டிப் பாருங்கள். வித்தியாசம் அதற்கே போய்விடும் என்றால் ஊரிலேயே வாங்குங்கள்.

பில்லில் நான்கு விஷயம் இருக்கிறதா என்று கடையை விட்டு இறங்க முதல் பாருங்கள்: திகதி, மொடல், சீரியல் இலக்கம், வொரண்டிக் காலம். சீரியல் எழுதாத பில் வொரண்டிக்கு உதவாது. வொரண்டிக் காலத்தை வருடத்தில் சொன்னாலும் பில்லில் நாளில் எழுதியிருப்பார்கள். ஒரு வருடம் என்றால் 350 நாள் என்று கணக்கு வைக்கிற கடைகள் உண்டு. எஸ்எஸ்டியில் ஒட்டியிருக்கும் முகவரின் ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள். மை அழியிற பில் என்றால் அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள், நம் வெக்கையில் அந்தத் தாள் சில மாதத்தில் வெள்ளையாகிவிடும்.

10. போட்ட பிறகு சோதிப்பது

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் ட்ரான்ஸ்பர் மோட் என்ற வரியில் இரண்டு எண் இருக்கும். இடது பக்கம் இப்போது ஓடுகிற வேகம், வலது பக்கம் டிஸ்க்கால் முடிந்த வேகம். ஜி41இல் இடது 300, வலது 600 என்று வந்தால் எல்லாம் ஒழுங்கு. இடது 150 என்று வந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள், பிறகு வேறு வாயில்.

அடுத்தது கிரிஸ்டல்டிஸ்க்மார்க். தொடர் வாசிப்பு 1.5 ஜிகாபிட் வாயிலில் 120 முதல் 140, 3 ஜிகாபிட்டில் 250 முதல் 275, 6 ஜிகாபிட்டில் 500க்கு மேல் வர வேண்டும். 4 கிலோபைட் வரி 20ஐச் சுற்றி வந்தால் திருப்தி.

பெயர் தெரியாத மலிவு எஸ்எஸ்டி என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதி வாசித்துப் பாருங்கள். 240 என்று சொல்லி 60 கூட இல்லாத போலிகள் அதில்தான் பிடிபடும். கடைக்காரர் மாற்றித் தருவதாகச் சொன்ன நாட்களுக்குள் இதைச் செய்யுங்கள். பழைய ஹாட் டிஸ்க்கை உடனே அழிக்க வேண்டாம். கழற்றித் துணியில் சுற்றி ஈரம் படாத இடத்தில் ஒரு மாதமாவது வையுங்கள், கொப்பி பண்ண மறந்த ஏதாவது ஒரு போல்டர் அதற்குள் ஞாபகம் வரும்.